இறந்துபோனவர் எழுதிய பத்துப் பக்கம்

1980-ஆம் ஆண்டு. ஃபிஜித் தீவில் குடியிருந்த பிரையன் ஓ'கானர் என்ற அமெரிக்கர் விடுமுறைக்காக ஆஸ்திரேலியா போயிருந்தார். அங்கே செய்தித்தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவரின் கண் ஒரு செய்தியில் நிலைகுத்தி நின்றது. டெக்சாஸ் மாநிலத்தில் எல் கேம்போ என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் வசிக்கிறார். வியட்நாம் போரில் அவர் செய்த காரியத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதைத் தரவேண்டும் என்று சிலர் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்கிறது ராணுவம். பார்த்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. செய்தியின் சாரம் இதுதான்.

ஓ'கானருக்கு அந்த வீரரைத் தெரியும். ராய் பெனாவிடெஸ். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், குண்டுமழைக்கு நடுவே ஓடி வந்து தன் உயிரைக் காப்பாற்றிய மனிதர். அன்றைக்கே அவர் இறந்துவிட்டார் என்றுதான் ஓ'கானர் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். டெக்சாஸில் இருந்த பெனாவிடெஸோ, ஓ'கானர்தான் இறந்துவிட்டார் என்று நினைத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் துக்கம் சுமந்தபடி, ஒரு சமுத்திரத்தின் இரண்டு கரைகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஓ'கானர் உட்கார்ந்து எழுதினார். பத்துப் பக்கம். 1968-ஆம் வருடம் மே 2-ஆம் தேதி என்ன நடந்தது என்று தான் கண்டதையெல்லாம் எழுதி ராணுவத்துக்கு அனுப்பினார்.

அந்தப் பத்துப் பக்கம் வந்து சேர்ந்திராவிட்டால், ராய் பெனாவிடெஸ் என்ற பெயர் டெக்சாஸுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரிந்திருக்காது.

பெனாவிடெஸ் பிறந்தது 1935 ஆகஸ்ட் 5 அன்று, தெற்கு டெக்சாஸில் குவேரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்தில். அப்பா மெக்சிகோ வம்சாவளி, குத்தகை விவசாயி. அம்மா யாக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். பையனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்பாவைக் காசநோய் கொண்டுபோனது. ஏழு வயதில் அம்மாவையும் அதே நோய் கொண்டுபோனது. அனாதையான ராயும் தம்பி ரோஜரும் எல் கேம்போவில் இருந்த தாத்தா, சித்தப்பா, சித்தி வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே எட்டுக் குழந்தைகள். இவர்களோடு பத்து.

வீட்டில் எல்லோரும் உழைத்தால்தான் எல்லோருக்கும் சாப்பாடு. பருத்தி எடுக்கும் காலத்தில் பருத்திக் காடு. சர்க்கரை பீட்ரூட் அறுவடைக் காலத்தில் குடும்பமே கொலராடோவுக்குப் போகும். ஊரில் இருக்கும் நாட்களில் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களின் ஷூவுக்கு பாலிஷ் போடுவான் சிறுவன் ராய். இதற்கிடையில் பள்ளிக்கூடம் எங்கே ஓடும்? மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போய்ச் சேரும்போதெல்லாம் பாடம் எங்கேயோ போயிருக்கும். கூடப் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ‘மண்டு மெக்சிகன்’ என்று கேலி செய்வார்கள். அவன் கையால் பதில் சொல்வான். பதினைந்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் கேலிப் பேச்சு தன் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதைப் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

1952-இல் டெக்சாஸ் தேசியக் காவல் படையில் சேர்ந்தார். 1955-இல் முழுநேர ராணுவம். 1959-இல் ஹிலாரியா கோய் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் அவரைக் கூப்பிடுவது லாலா என்று. அதே வருடம் பாராசூட் பயிற்சியையும் முடித்து, 82-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் சேர்ந்தார். ஷூ பாலிஷ் போட்ட பையன் இப்போது விமானத்திலிருந்து குதிக்கிற சிப்பாய்.

1965-இல் வியட்நாம். தென் வியட்நாம் காலாட்படைக்கு ஆலோசகராகப் போனவர், ரோந்துக்குப் போன இடத்தில் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். முதுகுத்தண்டில் பலத்த அடி. சான் அன்டோனியோ நகரத்தில் ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் முகாமுக்குள் இருக்கும் ப்ரூக் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனிமேல் நடக்க மாட்டார் என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்து, ராணுவத்திலிருந்து விடுவிக்கும் காகிதங்களைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மே 2-ஆம் தேதி நடந்ததைப் புரிந்துகொள்ள, அதற்கு இரண்டு வருடம் முன்னால் இந்த வார்டில் நடந்தது தெரிந்திருக்க வேண்டும்.

இரவு விளக்கு அணைந்ததும் பெனாவிடெஸ் கட்டிலின் விளிம்புக்குப் புரண்டு வந்து, தொப்பென்று தரையில் விழுவார். காலுக்கு அசைவு கிடையாது. முழங்கைகளை ஊன்றி, தாடையைத் தரையில் பதித்து, உடம்பை இழுத்துக்கொண்டு சுவர் வரை ஊர்ந்து போவார். சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல மெல்ல மேலே ஏறி நிற்கப் பார்ப்பார். வலி தாங்காமல் கண்ணீர் வழியும். விழுவார். மறுபடி ஏறுவார். செவிலியர் வந்து பார்த்துத் திட்டிவிட்டு, தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அடுத்த நாள் இரவு மறுபடியும் தரை, மறுபடியும் சுவர். அந்த வார்டில் காலை இழந்தவர்கள், கையை இழந்தவர்கள், இரண்டையும் இழந்தவர்கள் எல்லோரும் படுத்திருந்தார்கள். அவர்கள்தான் இருட்டில் அவருக்கு உற்சாகம் கொடுத்துக் குரல் எழுப்பியவர்கள். மாதங்கள் கழித்து, ஒரு நாள் கால் விரல் அசைந்தது. பிறகு கணுக்கால்.

மருத்துவர் காகிதங்களோடு வந்த நாளைப் பற்றி பெனாவிடெஸ் மேடைகளில் விரும்பிச் சொல்வார். இந்த அறையிலிருந்து நடந்தே வெளியே போய்விட்டால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றாராம் மருத்துவர். 1966 ஜூலையில் மனைவி லாலா பக்கத்தில் வர, பெனாவிடெஸ் அந்த மருத்துவமனையை விட்டு நடந்து வெளியேறினார். முதுகுவலி மட்டும் கூடவே வந்தது.

அதோடு ஓர் அலுவலக நாற்காலியைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறுபடியும் பயிற்சி எடுத்தார். பச்சைத் தொப்பி அணியும் ‘கிரீன் பெரே’ சிறப்புப் படையில் சேர்ந்தார். 1968 ஜனவரியில் மறுபடியும் வியட்நாம் போய் இறங்கினார்.

மே 2. கம்போடிய எல்லையை ஒட்டிய லோக் நின் முகாம். காலையில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில் பெனாவிடெஸ் இருந்தார். அப்போது வயர்லெஸ்ஸில் அலறல் கேட்டது. பின்னணியில் விடாத துப்பாக்கிச் சத்தம். எங்களை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு குரல் கெஞ்சியது.

எதிரியின் நடமாட்டத்தை உளவறிய, பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று ஹெலிகாப்டரில் போய் அடர்ந்த காட்டில் இறங்கியிருந்தது. மூன்று பேர் அமெரிக்கர்கள்: தலைவர் லிராய் ரைட், துணைத் தலைவர் லாயிட் மூசோ, வயர்லெஸ் பொறுப்பில் இருந்த பிரையன் ஓ'கானர். மற்ற ஒன்பது பேரும் வியட்நாமின் மலைநாட்டுப் பழங்குடி வீரர்கள். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எதிரியின் கண்ணில் பட்டுவிட்டார்கள். சுற்றி வளைத்தவர்கள் ஆயிரம் பேர் அளவில் இருந்த வட வியட்நாம் படை. காப்பாற்றப் போன ஹெலிகாப்டர்கள் மூன்றும் தரையைத் தொட முடியாமல், உடம்பெல்லாம் ஓட்டையாகித் திரும்பின. திரும்பியவற்றில் ஒன்றிலிருந்து இறக்கப்பட்ட இளம் வீரர் ஒருவர் பெனாவிடெஸின் கைகளிலேயே உயிர்விட்டார்.

மறுபடி போவதற்கு ஒரு ஹெலிகாப்டர் தயாரானது. பெனாவிடெஸை யாரும் ‘ஏறு’ என்று சொல்லவில்லை. அது அவருடைய வேலையும் இல்லை. ஒரு மருத்துவப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இடுப்பில் ஒரு கத்தி. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை.

மேலிருந்து பார்த்ததுமே அவருக்கு நிலைமை புரிந்துவிட்டது. குழுவில் செத்தவர் போக மிஞ்சியவர் எல்லோரும் அடிபட்டுக் கிடக்கிறார்கள்; ஹெலிகாப்டர் வரைக்கும் நடந்து வருகிற நிலையில் ஒருவரும் இல்லை. யாராவது கீழே இறங்கித் தூக்கி வந்தால்தான் உண்டு. பக்கத்தில் இருந்த சின்னத் திறந்தவெளிக்கு மேலே ஹெலிகாப்டரை நிறுத்தச் சொல்லி, குதித்தார். அங்கிருந்து அவர்கள் கிடந்த இடம் ஏறத்தாழ 75 மீட்டர். அந்த ஓட்டத்திலேயே வலது காலிலும் முகத்திலும் தலையிலும் காயம்.

போய்ச் சேர்ந்ததும் படுத்துக் கிடந்தவர்களை இடம் மாற்றி அமர்த்தி, எந்தப் பக்கம் சுட வேண்டும் என்று காட்டினார். வண்ணப் புகைக்குப்பியை வீசி ஹெலிகாப்டரை வரவழைத்தார். காயம்பட்டவர்களில் பாதிப் பேரைத் தோளில் போட்டும் தரையோடு இழுத்தும் கொண்டுபோய் ஏற்றினார். ஹெலிகாப்டர் தரையை ஒட்டியே மற்றவர்களை நோக்கி நகர, இவர் கையில் கிடைத்த ஒரு துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே அதன் பக்கவாட்டில் ஓடினார். குழுத் தலைவர் லிராய் ரைட்டின் உடலையும், அவரிடம் இருந்த ரகசியக் காகிதங்களையும் எடுக்கப் போனபோது வயிற்றில் குண்டு பாய்ந்தது. முதுகில் கையெறிகுண்டின் சில்லுகள் ஏறின. அதே நேரத்தில் ஹெலிகாப்டரின் விமானி லாரி மெக்கிபென் சுடப்பட்டார். அவ்வளவு பாடுபட்டு ஆட்களை ஏற்றிய ஹெலிகாப்டர் கவிழ்ந்து நொறுங்கியது.

முதலிலிருந்து எல்லாம் மறுபடி. கவிழ்ந்து கிடந்த ஹெலிகாப்டருக்குள்ளிருந்து உயிரோடு இருந்தவர்களை வெளியே இழுத்தார். அவர்களை வட்டமாக உட்கார வைத்தார். தண்ணீரும் தோட்டாவும் பங்கிட்டுக் கொடுத்தார். வயர்லெஸ்ஸில் போர் விமானங்களைக் கூப்பிட்டு, எங்கே குண்டு போட வேண்டும் என்று வழிகாட்டினார். ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொடையில் இன்னொரு குண்டு.

அடுத்த ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது நடை போகும்போது, பின்னாலிருந்து வந்த எதிரி வீரர் ஒருவர் துப்பாக்கியின் அடிக்கட்டையால் ஓங்கி அடித்தார். தாடை உடைந்தது. பயனெட் கைகளில் ஏறியது. பெனாவிடெஸ் கத்தியை உருவினார். அந்தக் கைகலப்பில் எதிராளி இறந்தார். பெனாவிடெஸ் எழுந்து மறுபடி ஆட்களைத் தூக்கப் போனார். ஹெலிகாப்டரின் துப்பாக்கி வீரர் சுட முடியாத கோணத்திலிருந்து ஓடி வந்த இரண்டு எதிரி வீரர்களை இவரே சுட்டார். எல்லோரும் ஏறியாயிற்றா, ரகசியக் காகிதம் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பார்க்க இன்னொரு தரம் திரும்பிப் போய் வந்தார். அதற்குப் பிறகுதான் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ள விட்டார். சரிந்த குடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். குதித்த நேரத்திலிருந்து இதுவரை ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ஹெலிகாப்டரின் தரையில் அவருக்குப் பக்கத்தில் லாயிட் மூசோ கிடந்தார். பெனாவிடெஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். மூசோவின் விரல்கள் தன் உள்ளங்கையில் அழுந்தியதையும், உடம்பு துடித்ததையும், பிறகு அந்தக் கை அடங்கிப்போனதையும் பெனாவிடெஸ் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பல வருடம் கழித்து எழுதிய தன்வரலாற்றில் அதைப் பதிந்து வைத்தார். யார் யாரைக் காப்பாற்றினார் என்ற கணக்கை உலகம் போட்டுக்கொண்டிருக்க, அவர் மனத்தில் தங்கியது காப்பாற்ற முடியாமல் போன ஒருவரின் விரல் அழுத்தம்.

லோக் நின்னில் இறக்கியபோது அவர் உடம்பில் 37 காயங்கள். கண் இரண்டும் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தாடை உடைந்து வாய் திறக்க வரவில்லை. அசைவும் இல்லை. இறந்தவர்களைப் போடும் பைக்குள் அவரையும் போட்டார்கள். நடப்பதெல்லாம் அவருக்குக் கேட்கிறது, கத்த முடியவில்லை. அந்த நேரத்தில் ஜெர்ரி காட்டிங்ஹாம் என்ற நண்பர் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். இது பெனாவிடெஸ் என்று கத்தி மருத்துவரைக் கூட்டிவந்தார். மருத்துவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பையின் ஜிப்பை இழுக்கத் தொடங்கினார். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி, பெனாவிடெஸ் அந்த மருத்துவரின் முகத்தில் எச்சில் துப்பினார்.

தன் வாழ்க்கையிலேயே அதிர்ஷ்டமான குறி அதுதான் என்று பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பையின் மேல் குனிந்து, ரத்தத்தில் தோய்ந்த முகத்தை இன்னார் என்று கண்டுகொண்ட நண்பரின் நினைவுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. காட்டிங்ஹாம் கூப்பிட்டதால்தான் மருத்துவர் அந்தப் பையருகே வந்தார்.

ஏறத்தாழ ஒரு வருடம் மருத்துவமனைகளில் கழிந்தது. அவருடைய தளபதி ரால்ஃப் டிரேக், அமெரிக்க ராணுவத்தின் இரண்டாவது உயர்ந்த பதக்கமான ‘டிஸ்டிங்குயிஷ்ட் சர்வீஸ் கிராஸ்’ விருதுக்குப் பரிந்துரைத்தார். முதலாவதான ‘மெடல் ஆஃப் ஆனர்’ நம் பரம்வீர் சக்ராவைப் போன்றது. அதற்கான விசாரணையும் சாட்சியமும் முடிய நீண்ட காலமாகும். இந்தக் காயங்களோடு இவர் அதுவரை உயிரோடு இருக்க மாட்டார், கையில் கிடைப்பதை உடனே கொடுத்துவிடலாம் என்பது டிரேக்கின் கணக்கு. இரக்கத்தில் எடுத்த முடிவு அது.

பெனாவிடெஸ் பிழைத்துவிட்டார். அந்த நாளின் முழு விவரமும் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. 1973-இல் டிரேக்கே முன்வந்து, இவருக்கு மெடல் ஆஃப் ஆனர்தான் பொருத்தம் என்று வாதாடினார். அதற்குள் விண்ணப்பிக்கும் காலக்கெடு தாண்டிவிட்டது. நாடாளுமன்றம் அவருக்காகக் கெடுவைத் தளர்த்தியும் விருது வாரியம் மறுத்தது. மே 2-ஆம் தேதி அந்தக் காட்டில் உடனிருந்து பார்த்த ஒருவரின் சாட்சியம் வேண்டும். ரைட் இல்லை. மூசோ இல்லை. மெக்கிபென் இல்லை. ஓ'கானரும் இல்லை என்றே எல்லோரும் நம்பினார்கள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தக் குழு இறங்கிய காடு வியட்நாமில் இல்லை. எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குள் இருந்தது. கம்போடியா அன்றைக்கு நடுநிலை நாடு. அமெரிக்கப் படை அங்கே இருந்ததாகவே ஒப்புக்கொள்ள முடியாது. விருதுக்கான அதிகாரபூர்வ வாசகம் இன்றைக்கும் ‘லோக் நின்னுக்கு மேற்கே’ என்றுதான் சொல்கிறது. இல்லாத இடத்தில் நடந்த சண்டைக்குச் சாட்சி தேடுவது எவ்வளவு கடினம்! ஓர் அரசாங்கம் தன் செயலை மறைத்தால், அதற்காக ரத்தம் சிந்திய தன் ஆட்களையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. பெனாவிடெஸ் விஷயத்தில் அது பன்னிரண்டு வருட மறைப்பு.

ஆஸ்திரேலியாவில் புரட்டிய அந்தச் செய்தித்தாள்தான் முடிச்சை அவிழ்த்தது. எல் கேம்போவின் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பெரிய பத்திரிகைகள் எடுத்துப் போட, அது கடல் கடந்து ஓ'கானரின் கண்ணில் பட்டது. அவரும் அன்று கடுமையாகக் காயம்பட்டுக் கிடந்தவர்தான். அன்று குழுவில் இருந்த மூன்று அமெரிக்கர்களில் உயிர் பிழைத்தவர் அவர் ஒருவரே. யாராவது வருவார்களா என்ற நம்பிக்கையே விட்டுப்போன நேரத்தில் ஒரு மனிதர் ஓடி வந்ததைத் தரையில் கிடந்த கண்ணால் பார்த்தவர். ராணுவம் கேட்ட சாட்சி அவருடைய பத்துப் பக்கத்தில் கிடைத்தது.

1981 பிப்ரவரி 24. பென்டகனின் உள்முற்றம். பதவியேற்று ஐந்து வாரமே ஆகியிருந்த ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், விருது வாசகத்தைத் தானே முன்வந்து வாசித்தார். இதைச் சினிமாவுக்குக் கதையாகக் கொடுத்தால் நம்ப மாட்டீர்கள் என்று அங்கிருந்த பத்திரிகையாளர்களிடம் சொன்னார். திரைப்பட நடிகராக இருந்தவர் சொன்ன வார்த்தை அது. நீல நாடாவில் கோத்த பதக்கத்தை பெனாவிடெஸின் கழுத்தில் அணிவித்து, அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். ஷூ பாலிஷ் போட்ட பையனுக்கு அப்போது வயது 45.

இரண்டே வருடம்தான். 1983-இல், அதே ரீகனின் ஆட்சியில், சமூகப் பாதுகாப்புத் துறை ஊனமுற்றோர் உதவித்தொகைப் பட்டியலைக் குறைத்துக்கொண்டிருந்தது. 1976-இல் ஓய்வுபெற்றது முதல் பெனாவிடெஸ் வாங்கிவந்த தொகையையும் நிறுத்தப் போவதாகச் சொன்னது. இவர் வேலை செய்யத் தகுதியானவர்தானாம். இதயத்தில் இரண்டு குண்டுச் சில்லுகள் அப்படியே இருந்தன. நுரையீரலில் ஓட்டை. முதுகும் கை கால்களும் என்ன பாடு பட்டவை என்பதை மேலே பார்த்தோம்.

பெனாவிடெஸ் வாஷிங்டனுக்குப் போனார். முதியோர் நலனுக்கான நாடாளுமன்றக் குழுவின் முன், பதக்கத்தை அணிந்துகொண்டு உட்கார்ந்தார். தனக்காக மட்டும் அவர் பேசவில்லை. தன்னைப் போல் பெயர் தெரிந்தவனுக்கே இந்த நிலை என்றால், யாரும் அறியாத ஆயிரக்கணக்கான ஊனமுற்றவர்களின் கதி என்ன என்பதுதான் அவர் கேட்டது. அவருடைய உதவித்தொகையை நிறுத்தும் முடிவு கைவிடப்பட்டது. குண்டுகளுக்கு நடுவே ஓடியதில் காட்டிய துணிச்சலுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. தன் கழுத்தில் பதக்கம் போட்ட அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே, நீ செய்வது தவறு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

மிச்ச வாழ்நாளைப் பள்ளிக்கூடங்களில் கழித்தார் என்றே சொல்லலாம். பச்சைத் தொப்பியும் சீருடையும் பதக்கமுமாகப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பார். சண்டைக் கதை கேட்கக் காத்திருக்கும் பிள்ளைகளிடம், தான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டதுதான் தன் வாழ்க்கையின் பெரிய தவறு என்று சொல்வார். படியுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள் என்பார். பருத்திக் காட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தங்களைப் போன்ற முகமும் தங்களைப் போன்ற பெயரும் கொண்ட ஒருவர் சொல்லும்போது அந்த வார்த்தைக்குத் தனி எடை இருந்தது. ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளுக்கும்கூடப் போய்ப் பேசினார். வீரன் என்று யாராவது அழைத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார். திரும்பி வராமல் போனவர்கள்தான் வீரர்கள், நான் என் கடமையைச் செய்தேன் என்பார்.

அப்படித் திரும்பி வராதவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று காட்டில் இறங்கிய பன்னிரண்டு பேரில் மூவரின் பெயர் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. மற்ற ஒன்பது மலைநாட்டு வீரர்களும் பெரும்பாலும் ‘ஒன்பது பழங்குடி வீரர்கள்’ என்ற எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறார்கள். அவர்களும் அதே குண்டுகளைத்தான் தாங்கினார்கள். பெனாவிடெஸ் தோளில் சுமந்து கொண்டுபோய் ஏற்றியவர்களில் அவர்களும் உண்டு. சுமக்கும்போது அவர் யார் எந்த நாட்டவர் என்று பார்க்கவில்லை. ஓ'கானர் ஒருவர் பத்துப் பக்கம் எழுதியதால் ஒரு வாழ்க்கை வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மலைக் கிராமங்களிலும் யாராவது தங்கள் அண்ணனைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ சொல்லக் காத்திருந்திருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள விருது வாரியம் எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இறந்த வியட்நாமிய இளைஞர்களின் வீடுகளிலும் அதே மே 2-ஆம் தேதி ஒரு நினைவு நாள்தான்.

பெனாவிடெஸின் பெயர் இப்போது பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர். ஹூஸ்டனில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அவர் பெயர். 2001-இல் ‘ஜி.ஐ. ஜோ’ பொம்மை வரிசையில் அவர் உருவத்தில் ஒரு பொம்மைகூட வந்தது. இவற்றில் அவர் மிகவும் விரும்பியிருக்கக்கூடியது அந்தப் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு வெளியேறிய பையனின் பெயரைப் பலகையில் பார்த்துக்கொண்டே தினமும் காலையில் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள்.

நீரிழிவு முற்றி, மூச்சுத் திணறி, 1998 நவம்பர் 29 அன்று பெனாவிடெஸ் காலமானார். வயது 63. லாலாவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் இறந்தது சான் அன்டோனியோவின் ப்ரூக் ராணுவ மருத்துவமனையில். 1966-இல் இரவெல்லாம் தரையில் ஊர்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து நடக்கக் கற்றுக்கொண்டதும் இந்த மருத்துவமனையில்தான். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் தேசியக் கல்லறையில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.